தேனும் புற்றுநோயும்: பாமசிக் கவுண்டரில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

திருகோணமலை நகரத்தில் ஒரு பாமசியில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகமவுக்கும் மட்டக்களப்புக்கும் போய்வருகிறவர்களின் வீட்டார் மருந்துத் துண்டை நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தித் தேனைப் பற்றிக் கேட்பார்கள். மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி என்று எங்கிருந்து வந்தாலும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். வரிசை நிற்கும்போது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. மருந்தையோ அளவையோ மாற்றுவதென்றால் உங்கள் கிளினிக் டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

தேன் குடிச்சா கான்சர் சுகமாகும் எண்டு சொல்றாங்கள். உண்மையோ?

இல்லை. தேன் குடித்ததால் மனிதருக்குப் புற்றுநோய் குணமானது என்று காட்டிய மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது. அதற்காகத் தேன் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல மாட்டேன். சிகிச்சையின்போது வருகிற ஒரு கொடுமையான தொல்லைக்கு அது உண்மையாகவே கைகொடுக்கிறது. வாய்ப்புண் பற்றிய கேள்வியில் அதை விரிவாக எழுதியிருக்கிறேன். அவசரம் உள்ளவர்கள் நேரே அங்கே போகலாம்.

தேனுக்குள்ள அப்பிடி என்னதான் இருக்கு, அக்கா?

பெரும்பங்கு இனிப்புத்தான். 100 கிராம் தேனில் ஏறத்தாழ 80 கிராம் சீனி வகைகள்; அதில் பிரக்டோஸ் 38 கிராம், குளுக்கோஸ் 31 கிராம் அளவில் இருக்கும். இன்னொரு 17 கிராம் தண்ணீர். மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில்தான் நொதிகள், அமிலங்கள், தாதுக்கள், மகரந்தம் எல்லாம் அடங்குகின்றன. தேனீ சேர்க்கிற குளுக்கோஸ் ஒக்சிடேஸ் என்ற நொதி, தேனில் தண்ணீர் படும்போது சிறிது சிறிதாக ஹைட்ரஜன் பெரொக்சைட்டை உண்டாக்கும். தேனின் புளிப்புத் தன்மையும் அதோடு சேர்ந்து கிருமிகளை வளரவிடாது. அந்தக் காலத்தில் வெட்டுக்காயத்துக்குத் தேன் பூசியதில் அர்த்தம் இருந்தது.

புற்றுநோய்ப் பேச்சில் அடிபடுகிற பெயர்கள் வேறு: கிறைசின், பினோசெம்பிறின், கலாஞ்சின், குவெர்செடின், காஃபெயிக் அமிலம். பூவிலிருந்தும் மரப் பிசினிலிருந்தும் தேனுக்குள் வந்து சேர்கிற தாவரப் பொருட்கள் இவை. பொதுவாகக் கருமையான தேனில் கூடுதலாகவும் வெளிர் நிறத் தேனில் குறைவாகவும் இருக்கும்.

ஆராய்ச்சியில நிரூபிச்சாச்சு எண்டு வாட்ஸ்அப்பில வருதே? அது பொய்யோ?

ஆராய்ச்சி பொய்யில்லை. அதைச் சொல்கிற விதம்தான் பிழை. ஆய்வுகூடங்களில் எம்சிஎஃப்-7 என்று ஒரு செல் வகை இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணிடமிருந்து 1970இல் எடுத்த செல்களை இன்றுவரை கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து வருகிறார்கள். அந்தச் செல்களின் மேல் தேனையோ, தேனிலிருந்து பிரித்த கிறைசினையோ விட்டால் பல செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. குடல் புற்று, கருப்பை வாய்ப் புற்று செல்களிலும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். 2024இல் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதப் புற்று செல்களை எலிகளில் வளர்த்து மனுக்கா தேன் கொடுத்தபோது, கட்டியின் வளர்ச்சி 84 வீதம் குறைந்ததாக அறிவித்தார்கள். உங்களுக்கு வந்த செய்தி அனேகமாக இதுதான்.

ஆனால் கண்ணாடித் தட்டுக்கு வயிறு இல்லை, ஈரல் இல்லை. அங்கே தேன் நேரே செல்லின் மேல் விழுகிறது. கெட்டியான சீனிப்பாகை ஊற்றினாலே செல்லில் உள்ள தண்ணீர் உறிஞ்சப்பட்டு அது செத்துவிடும் என்பதையும் நினைக்க வேண்டும். அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் அதே அளவு சீனிக் கரைசலை இன்னொரு தட்டில் ஊற்றி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எலியில் நன்றாக வேலை செய்த எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் தோற்றிருக்கின்றன. இந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். அவை ஒரு தேடலின் முதல் படி. அந்தப் படியில் நின்றுகொண்டு உங்கள் அம்மாவின் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது.

அப்ப கொஞ்சம் கூடக் குடிச்சா சரி வரும்தானே?

இந்தக் கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு பில் துண்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கிறைசினை எடுங்கள். ஆய்வுகூடத்தில் செல்கள் சாகிற அளவு என்பது ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம், பல நேரம் அதற்கும் மேல். நம் உடம்பில் சுமார் 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. அப்படியானால் இரத்தத்தில் மட்டும் 25 மில்லிகிராம் வேண்டும். ஒரு கிலோ தேனில் கிறைசின் சில மில்லிகிராம்தான். 5 மில்லிகிராம் என்று வைத்தாலும் ஒரே தடவையில் 5 கிலோ தேன் குடிக்க வேண்டும், அதில் ஒரு துளியும் வீணாகாமல் இரத்தத்தில் சேர வேண்டும்.

சேரவும் சேராது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் நல்ல சுகமாக இருந்த 7 பேருக்குத் தனிக் கிறைசின் 400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் போய்ச் சேர்ந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. குடலும் ஈரலும் அதை மாற்றி வெளியே தள்ளிவிட்டன. ஆகவே தேனைக் கூட்டினால் உடம்பில் கூடுவது சீனி மட்டும்தான்.

கான்சர் மருந்தே செடியில இருந்துதான் வருதாம். அப்ப தேன் ஏன் மருந்தாகாது?

நல்ல கேள்வி. நம் வீட்டு முற்றத்திலும் கோயில் வீதியிலும் பூக்கிற பட்டிப்பூ இருக்கிறதே, நித்தியகல்யாணி, அதிலிருந்துதான் வின்கிறிஸ்ரின், வின்பிளாஸ்ரின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் வந்தன. பிள்ளைகளுக்கு வருகிற இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்ரின் இன்றைக்கும் முக்கியமான மருந்து.

ஆனால் யாரும் பட்டிப்பூ இலையை அவித்துக் குடித்துச் சுகமாகவில்லை. பெருந்தொகை உலர்ந்த இலையிலிருந்து மிகச் சிறிய அளவு மருந்தைப் பிரித்து, நோயாளியின் உடலளவுக்குக் கணக்கிட்டு, இரத்த நாளம் வழியே ஏற்றுகிறார்கள். அளவு கொஞ்சம் பிசகினால் அதே மருந்து நஞ்சு. கிறைசினையும் ஒருநாள் அப்படி யாராவது உடம்பில் நிற்கிற வடிவத்தில் செய்துவிடலாம். அந்த நாள் வந்தாலும் அது போத்தல் தேனாக வராது.

அப்பாவுக்குத் தொண்டையில ரேடியேஷன். வாயெல்லாம் புண், தண்ணிகூட இறங்குதில்லை. தேன் குடுக்கலாமோ?

தேனைப் பற்றி நான் நம்பிக்கையோடு பேசக்கூடிய இடம் இது. வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர் சிகிச்சை எடுக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் உள்வாய்த் தோல் உரிந்து புண்ணாகிவிடும். சாப்பிட முடியாமல் எடை குறையும்; சிலர் வேதனை தாங்காமல் சிகிச்சையையே இடையில் நிறுத்திவிடுவார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வாய்ப் புற்றுநோய் நிறைந்திருக்கிற நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

மலேசியாவின் கிளந்தானில் 40 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்குக் கதிர் சிகிச்சைக்கு 15 நிமிடம் முன், 15 நிமிடம் பின், பிறகு 6 மணித்தியாலம் கழித்து என்று ஒவ்வொரு தடவையும் 20 மில்லிலீற்றர் தேன் கொடுத்தார்கள். தேன் எடுத்தவர்களில் 20 வீதத்தினருக்குத்தான் கடுமையான புண் வந்தது. எடுக்காதவர்களில் 75 வீதத்தினருக்கு வந்தது. ஈரான் போன்ற நாடுகளிலும் இதே மாதிரிப் பார்த்தார்கள். எல்லா ஆய்வும் ஒத்துவரவில்லை. இங்கிலாந்தில் 131 பேருக்கு மனுக்கா தேனைச் சீனிப்பாகோடு ஒப்பிட்டபோது வித்தியாசமே தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த சர்வதேச வல்லுநர் குழு 2020இல், தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வாய்ப்புண் வராமல் காக்கத் தேனைப் பரிந்துரைக்கலாம் என்று எழுதியது.

ஆகவே முதலில் டொக்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், நாலு தேக்கரண்டித் தேனை வாயில் விட்டு, எல்லாப் பக்கமும் படும்படி மெல்லச் சுழற்றி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கச் சொல்லுங்கள். புண் முற்றிய பிறகு தொடங்குவதைவிட, கதிர் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே தொடங்குவது நல்லது. கதிர் பட்ட வாயில் எச்சில் குறைந்துவிடும். எச்சில் இல்லாத வாயில் சீனி தங்கினால் பல் சூத்தையாகும். புளோரைட் பற்பசையை விடாமல் பாவியுங்கள். அடுத்தது எரிச்சல். சிலருக்குப் புண்ணில் தேன் பட்டதும் தாங்க முடியாமல் எரியும். அப்படியானால் வற்புறுத்த வேண்டாம்.

மனுக்காத் தேன்தான் வேணுமோ? நம்மட காட்டுத் தேன் போதாதோ?

மனுக்கா என்பது நியூசிலாந்தில் வளர்கிற ஒரு செடி. அதன் தேனில் மெத்தில்கிளையொக்சல் என்ற கிருமி எதிர்ப்புப் பொருள் கூடுதலாக இருக்கிறது. விலையும் அதற்கேற்ற மாதிரிப் பல மடங்கு. மேலே சொன்ன ஆய்வுகளில் நல்ல பலன் தந்தவற்றில் மனுக்கா அல்லாத தேன்களும் இருந்தன, பலன் தராததில் மனுக்காவும் இருந்தது. கடன் வாங்கி மனுக்கா வாங்காதீர்கள். அந்தக் காசு மகரகமவுக்குப் போகிற பஸ் செலவுக்கு உதவும்.

நம் பக்கத்துக் காட்டுத் தேன் பெரும்பாலும் மரப்பொந்தில் கூடு வைக்கிற தேனீயினுடையது, அல்லது உயரமான மரத்திலும் பாறையிலும் ஒற்றைத் தட்டாகக் கட்டுகிற பெரிய தேனீயினுடையது. கொசுத்தேன் வேறு, அதில் தண்ணீர் கூட, புளிப்பும் கூட, சீக்கிரம் நுரைத்துவிடும். தயிரோடு சாப்பிடுகிற கித்துள் பாணியைத் தேன் என்று நினைத்து வாங்கிப் போனவர்களும் உண்டு. பாணி மரத்திலிருந்து இறக்கிக் காய்ச்சுவது. தேனீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தேன் சுத்தமானதோ எண்டு எப்பிடிப் பார்க்கிறது? நெருப்புக்குச்சி பத்த வச்சுப் பார்க்கலாமோ?

நெருப்புக்குச்சி, கடதாசி, தண்ணீர்த் துளி, எறும்பு எதையும் நம்ப முடியாது. கெட்டியான சீனிப்பாகும் அந்தச் சோதனைகளில் எல்லாம் தேறிவிடும். நல்ல தேன்கூட நாள்பட்டால் அடியில் உறைந்து சீனி மாதிரித் தெரியும். அதில் குளுக்கோஸ் கூட என்பதுதான் காரணம். பழைய போத்தலில் அடைத்து வீதியோரத்தில் விற்கிறதைவிட, கூடு எடுக்கிறவரையோ பெட்டியில் தேனீ வளர்க்கிறவரையோ நேரே தெரிந்து வாங்குவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி.

கீமோ ஏத்துற நாளில தேன் குடிக்கலாமோ?

கீமோவுக்குப் பிறகு வெள்ளணுக்கள் இறங்கியிருக்கிற நாட்களில் வேண்டாம். காய்ச்சாத தேனில் கிளொஸ்ரீடியம் போன்ற கிருமிகளின் வித்துகள் இருக்கலாம். சுகமான ஆளின் குடல் அவற்றைச் சமாளிக்கும். எதிர்ப்புச் சக்தி விழுந்த உடம்பில் அந்தத் துணிச்சல் கூடாது. எலும்பு மச்சை மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது என்பதும் இதே வித்துகளால்தான். வீட்டில் நோயாளிக்குத் தேன் இருக்கிறதென்று பேரப்பிள்ளையின் நாக்கில் தடவிவிடாதீர்கள்.

கதிரும் கீமோவும் சேர்ந்து நடக்கிறதென்றால், வாய்ப்புண்ணுக்குத் தேன் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை ரிப்போட்டைக் காட்டிக் கேளுங்கள். காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் பனடோல் போட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சீனி கான்சரை வளர்க்குமாம், தேன் வளர்க்காதாம். அப்பிடியோ?

உடம்புக்குள் போனபின் தேனும் சீனியும் ஏறத்தாழ ஒன்றுதான். புற்று செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மிஞ்சி விழுங்குகின்றன என்று 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டுபிடித்தார். பெட் ஸ்கான் இன்றும் அதை வைத்துத்தான் கட்டி இருக்கிற இடத்தைக் காட்டுகிறது. ஆனால் மூளைக்கும் தசைக்கும்கூடக் குளுக்கோஸ் வேண்டும். சீனியை அடியோடு நிறுத்தினாலும் ஈரல் தானே குளுக்கோஸை உண்டாக்கும். கட்டி பட்டினி கிடக்காது, ஆள்தான் மெலிந்துபோவார். எடை குறைந்துகொண்டு போகிற நோயாளியிடம் இனிப்பைப் பிடுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும்.

அம்மாவுக்குச் சலரோகமும் இருக்கு. தேன் இயற்கைதானே, ஒண்டும் செய்யாதோ?

செய்யும். நாலு தேக்கரண்டித் தேன் என்றால் கிட்டத்தட்ட 23 கிராம் சீனி. வாய்ப்புண்ணுக்குச் சொன்ன மாதிரி மூன்று தடவை எடுத்தால் நாளுக்கு 70 கிராம் அளவில் வரும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கில் தேனும் சீனியோடுதான் சேர்கிறது; நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறார்கள். இதற்கு மேல், கீமோவோடு கொடுக்கிற டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்தும் சீனியை ஏற்றும். சலரோகக்காரர் இதை டொக்டரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது.

தேனும் கறுவாத் தூளும் ஒரு மாசம் சாப்பிட்டா எலும்புக் கான்சர் போயிடுமாம். மஞ்சள் கலந்தா இன்னும் நல்லமாம்.

இந்தக் கறுவாச் செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. நீங்கள் அனுப்பியதை முழுக்க வாசித்துப் பாருங்கள். ஆதாரமாக 1995இல் வந்த ஒரு பரபரப்புப் பத்திரிகையைத்தான் சொல்லியிருக்கும். மருத்துவச் சஞ்சிகை எதுவும் அதில் இல்லை. கறுவாவைக் கறிக்குப் போடுகிற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளில் எனக்கு வேறொரு பயம். மஞ்சளின் குர்குமினும் கிறைசின் மாதிரியே இரத்தத்தில் நிற்காதது. நிற்க வைப்பதற்காக மிளகுச் சத்தோடு சேர்த்து குளிசையாக விற்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் எடுக்கிறவர்கள் அந்தக் குளிசையைச் சேர்த்து எடுத்தபோது, உடம்பில் டமொக்சிஃபெனின் வேலை செய்யும் வடிவம் குறைந்ததாக 2019இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. குழம்பில் போடுகிற மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

சுடுதண்ணியில தேன் விட்டா நஞ்சாகுமோ?

ஆகாது. தேனை நேரம் எடுத்துச் சூடாக்கினால் நொதிகள் கெடும், சீனி சூடாகும்போது உண்டாகிற எச்எம்எஃப் என்ற பொருள் கூடும். வெப்ப நாட்டுத் தேனில் அது கிலோவுக்கு 80 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று சர்வதேச உணவுத் தரம் அனுமதிக்கிறது. ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு கரண்டி விடுவதால் ஆபத்து வராது.

தேனில நிவாரணம் இருக்கு எண்டு குர்ஆனிலேயே இருக்கு. நீங்க எப்பிடி இல்லை எண்டு சொல்வீங்க?

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு வாப்பா மகளுக்கு மருந்து வாங்கும்போது கேட்டார். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 69ஆவது வசனம் அப்படிச் சொல்வது எனக்கும் தெரியும், நான் அதை மறுக்கவில்லை என்றேன். எந்த நோயையும் அதற்குரிய மருந்து இல்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்று நபிமொழியும் இருக்கிறது. அந்த மருந்தில் மகரகமவில் ஏற்றுகிறதும் சேரும்தானே என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். தேனையும் நிறுத்தவில்லை, கிளினிக்கையும் விடவில்லை. சித்த வைத்தியத்திலும் பெரும்பாலும் தேன் அனுபானம்தான். சூரணத்தைக் குழைத்துக் கொடுக்கிற துணை.

கட்டி உடைஞ்சு புண்ணாகி மணக்குது. தேன் பூசட்டோ?

வீட்டுத் தேன் வேண்டாம். காயத்துக்குப் பாவிக்கிற தேன் கதிர் செலுத்திக் கிருமி நீக்கியது. அமெரிக்காவில் 2007இலேயே அனுமதி பெற்றது. போத்தல் தேனில் இருக்கும் வித்துகளைப் பற்றிக் கீமோ கேள்வியில் சொல்லியிருக்கிறேன். மணத்துக்கும் கசிவுக்கும் வேறு நல்ல மருந்துகள் உண்டு. வெட்கப்பட்டு மூடி வைக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

டொக்டருக்குச் சொன்னா ஏசுவார். சொல்லாம குடுக்கலாமோ?

சொல்லுங்கள். ஏசினால் ஒரு நிமிடம் ஏசுவார். சொல்லாமல் விட்டால் சீனி ஏன் ஏறுகிறது, வயிறு ஏன் போகிறது என்று தெரியாமல் மருந்தை மாற்றிக்கொண்டிருப்பார். போத்தலையே பையில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டலாம்.

முதல்ல மூண்டு மாசம் தேன், நாட்டு மருந்து பார்த்திட்டு, சரி வராட்டி ஆஸ்பத்திரிக்குப் போறமே?

எங்கள் பெரியம்மா இதைத்தான் செய்தார். கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைப் படை. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டது என்று தேன் தடவினார். நாலு மாதத்தில் வாய் இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. முதல் மாதமே போயிருந்தால் சின்ன வெட்டோடு முடிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். நான் அப்போது பாமசியில்தான் வேலை செய்தேன். அவரிடம் ஒரு தடவைகூட வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.

அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பரவாத நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியம் மட்டும் எடுத்த 281 பேரைப் பார்த்தது. மற்றவர்களைவிட அவர்களுக்கு இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். வாயில் மூன்று வாரத்துக்குமேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, வாய் திறக்க இறுக்கம், மார்பில் கட்டி எதுவானாலும் இந்தக் கிழமையே காட்டுங்கள். வாய் என்றால் ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கிலேயே பார்ப்பார்கள்.

கான்சர் வராம இருக்கத் தினம் ஒரு கரண்டி குடிச்சா?

அதற்கு ஆதாரம் இல்லை. விருப்பமென்றால் குடியுங்கள். ஆனால் வெற்றிலையோடு சேர்கிற பாக்கு, புகையிலை இல்லாமல் போட்டாலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. கடையில் தேன் வாங்குகிற பலருடைய மடியிலும் வெற்றிலைச் சரை இருக்கிறது. முதலில் அதை விடுங்கள்.

இனி ஒண்டும் செய்யேலாது எண்டு வீட்ட அனுப்பிட்டாங்கள். இப்ப தேன் குடுத்தா என்ன?

கொடுங்கள். இப்போது சீனிக் கணக்கையும் பார்க்க வேண்டாம். முழு நினைவோடு விழுங்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். மயக்கத்தில் இருக்கிறவரின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்படியானவருக்கு ஈரப் பஞ்சில் ஒரு துளி தொட்டு, காய்ந்த உதட்டில் மட்டும் தடவுங்கள். நோவுக்குக் கொடுத்த மோர்ஃபினை "பழகிப்போகும்" என்று பயந்து குறைக்காதீர்கள். தேன் அவருக்கு விருப்பம் என்றால் தேன். இளநீர் விருப்பம் என்றால் இளநீர். அவரிடமே கேளுங்கள்.